குளக்கரையில் பார்க், படகு, பவுன்டெயின்... சுற்றுச்சூழல் ஆய்வே இல்லாமல் கட்டிவிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவி சாலையில் உள்ள வெண்ணமடை குளத்தில் படகுகள் இறங்கிவிடும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாமில் டிக்கெட் வாங்க வரிசை நிற்கும். அருவியில் குளித்துவிட்டு, படகில் ஒரு ரவுண்டு போய்விட்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புவது சுரண்டை, பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன சீசன் ஞாயிற்றுக்கிழமை.

வெண்ணமடை போலவே இன்று பல ஊர்க் குளங்களைப் பார்க்கும் பார்வை மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர். இப்போது குளம் என்றால் வாக்கிங் போக நடைபாதை, குழந்தைகளுக்கு ஊஞ்சல், இரவில் வண்ண விளக்கு, ‘ஐ லவ் எங்க ஊர்’ பலகை. மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்திலேயே நீர்நிலை மேம்பாட்டுக்குத் தனியாக இடம் உண்டு. அதனால் சிறிய நகராட்சிகள்கூட இனி இந்தப் பட்டியலில் வரலாம்.

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனால், குளக்கரையில் ஜேசிபி இறங்குவதற்கு முன்னால், ‘இங்கே இதைக் கட்டினால் தண்ணீருக்கு என்ன ஆகும், வயலுக்கு என்ன ஆகும், பறவைக்கு என்ன ஆகும்’ என்று யாராவது ஆய்வு செய்வார்களா? பெரும்பாலான ஊர்க் குளங்களுக்குப் பதில், ‘சட்டப்படி கட்டாயம் இல்லை’ என்பதுதான். 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இதைப் பளிச்செனக் காட்டியது. அதே தீர்ப்பு, பொதுமக்கள் கையில் வேறொரு பிடிமானத்தையும் கொடுத்திருக்கிறது.

நாக்பூரில் என்ன நடந்தது?

மகாராஷ்டிராவின் நாக்பூரில் ஃபுடாலா என்றொரு ஏரி. போன்ஸ்லே அரசர்கள் காலத்தில் வெட்டப்பட்டது. மாலை நேரத்தில் நகரமே வந்து உட்காரும் இடம். இந்த ஏரியில் இசை நீரூற்று, பார்வையாளர் மாடம், மிதக்கும் உணவகம், செயற்கை ஆலமரம் என ஒரு பெரிய பொழுதுபோக்குத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

‘ஏரி ஓர் ஈரநிலம். ஈரநிலத்துக்குள் இப்படிக் கட்டக் கூடாது’ என்று ‘ஸ்வச் அசோசியேஷன்’ என்ற உள்ளூர் அமைப்பு மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளைக்குப் போனது. அங்கே திட்டம் நிறுத்தப்படவில்லை. ஆனால் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காரணம் இரண்டு. ஒன்று, ஃபுடாலா மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலை. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறைக்குள் அது வராது. இரண்டு, ஏரிக்குள் இருப்பவை நிரந்தரக் கட்டுமானங்கள் அல்ல.

வழக்கு தோற்றதா? ஆம். ஆனால் தீர்ப்பு அதோடு முடியவில்லை. நீர்நிலைகளை மக்களின் சார்பில் பாதுகாக்க வேண்டிய அரசின் கடமை இயற்கையான ஏரிகளுக்கு மட்டுமல்ல, மனிதர்கள் வெட்டிய குளங்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. நம்ம பக்கத்துக் குளங்களுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

நம்ம ஊர்க் குளம் ‘ஈரநிலம்’ இல்லையா?

2017 செப்டம்பரில் வெளியான ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் சில நீர்நிலைகளைத் தெளிவாக வெளியே நிறுத்துகின்றன. ஆற்றுப் படுகை, நெல் வயல், குடிநீருக்காக மனிதர்கள் கட்டிய குளங்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. மீன் வளர்ப்பு, உப்பளம், பாசனம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகவே கட்டப்பட்ட அமைப்புகளும் அதில் அடங்கும்.

இப்போது தென்காசி மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசி தாண்டி, வீரகேரளம்புதூரில் அனுமன் நதியைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த வழி நெடுகத் தடுப்பணை, கால்வாய், குளம், மறுகால், அடுத்த குளம் என்று சங்கிலி போல நீர் நகர்கிறது. சுரண்டையைச் சுற்றியுள்ள வயக்காடுகளுக்கு உயிர் கொடுப்பவை இப்படிப்பட்ட கால்வாய்களும் குளங்களும் கிணறுகளும்தான். குளம் என்ற சொல்லே இங்கே ‘வெட்டப்பட்டது’ என்ற பொருளில்தான் புழங்குகிறது.

அதாவது, பாசனத்துக்காக முன்னோர் வெட்டினார்கள் என்ற ஒரே காரணத்தால், இந்தக் குளங்களில் பெரும்பாலானவை ஈரநில விதிகளின் முழுப் பாதுகாப்பையும் இழக்கின்றன. அதே விதிகளின் கீழ் வரும் ஈரநிலமாக இருந்தால், கடந்த 10 ஆண்டுகளில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர வேறு நிரந்தரக் கட்டுமானமே கூடாது. பாசனக் குளத்துக்கு அந்த 50 மீட்டர் கிடையாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நீர்ப்பறவைக்குக் குளத்தை யார் வெட்டினார்கள் என்பது தெரியாது. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம், இயற்கையானதோ செயற்கையானதோ இரண்டையும் ஈரநிலம் என்றே சொல்கிறது. பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் உள்ள கூந்தன்குளம் மனிதர்கள் வெட்டிய பாசனக் குளம்தான். அது 1994 முதல் பறவைகள் சரணாலயம். இப்போது ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. தனியாக அறிவிக்கப்பட்டதால் அதற்குப் பாதுகாப்பு. அறிவிக்கப்படாத குளங்களுக்கு?

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில், 2.25 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள ஈரநிலங்களை நேரில் ஆய்வு செய்து எல்லை வரையறுக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. செயற்கைக்கோள் கணக்குப்படி நாடு முழுவதும் அப்படி 2,31,195 ஈரநிலங்கள். உங்கள் ஊர்க் குளமும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே 2017 விதிகளின் எல்லாத் தடைகளும் தானாக வந்துவிடாது.

சரி, ‘இ.ஐ.ஏ’ என்று ஒன்று இருக்கிறதே?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. சுருக்கமாக இ.ஐ.ஏ. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி தேவை என்பதை அது பட்டியல் போட்டுச் சொல்கிறது. கட்டடங்களைப் பொறுத்தவரை கணக்கு இதுதான்:

* 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டுமானப் பரப்பு: பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை.
* 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள்: மாநில அளவிலான ஆணையத்தின் அனுமதி தேவை.
* அதற்கு மேல், அல்லது 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட குடியிருப்பு நகரியம்: அனுமதியோடு விரிவான மதிப்பீட்டு அறிக்கையும் தேவை.

20,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 5 ஏக்கர். இங்கே கணக்கில் வருவது எல்லாத் தளங்களையும் சேர்த்த கட்டடப் பரப்பு. நடைபாதை, விளக்குக் கம்பம், நீரூற்று, நாலு கடை, ஒரு கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் என்றெல்லாம் போட்டாலும் ஒரு சிறு நகராட்சியின் குளக்கரைத் திட்டம் இந்த அளவை எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

பெரிய அடுக்குமாடித் திட்டமாகவே இருந்தாலும் இன்னொரு ஓட்டை உண்டு. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடக்கும் ‘பொதுமக்கள் கருத்துக்கேட்பு’ கட்டடத் திட்டங்களுக்குக் கிடையாது. 2006 அறிவிக்கையே விலக்கு அளித்துவிட்டது. ஆக, ஏரிக்கரையில் ஆயிரம் வீடுகள் வந்தாலும் பக்கத்துத் தெருக்காரரை உட்கார வைத்துக் கருத்துக் கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை.

இந்த இடத்தில்தான் பொதுமக்களின் வேலை தொடங்குகிறது. ஆய்வு தானாக நடக்காது. யாராவது கேட்டால்தான் நடக்கும். அதை எப்போது கேட்கிறார்கள் என்பதும் முடிவை மாற்றிவிடுகிறது. இந்தியாவின் மூன்று ஏரிகளின் கதை இதைச் சொல்லும்.

மூன்று ஏரி, மூன்று நேரம்

கட்டுவதற்கு முன்: சண்டிகர். 1958இல் உருவாக்கப்பட்ட சுக்னா ஏரி, சண்டிகர்வாசிகளின் காலை நடை, படகு, பொழுதுபோக்கு எல்லாமே. ஏரியின் பின்புறம் சுக்னா வனவிலங்கு சரணாலயம். அந்தச் சரணாலயத்தின் எல்லையிலிருந்து 123 மீட்டர் தூரத்தில், பஞ்சாப் எல்லைக்குள் ‘டாடா கேமலாட்’ என்ற அடுக்குமாடித் திட்டம் வரவிருந்தது. பொதுநல வழக்கு போடப்பட்டது. 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் திட்டத்துக்கான அனுமதிகளை ரத்து செய்தது. 2019 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றமும் திட்டத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. பல ஆண்டுகள் இழுத்த வழக்குதான். ஆனால் இடிக்க வேண்டிய கட்டடம் எதுவும் இல்லை.

கட்டும்போது: நாக்பூர். மேலே பார்த்த ஃபுடாலா. வேலை தொடங்கிய பிறகு வந்த வழக்கு. திட்டம் நிற்கவில்லை. நிபந்தனைகள் மட்டும் கிடைத்தன.

கட்டிய பிறகு: அஜ்மீர். ராஜஸ்தானின் ஆனா சாகர் 12ஆம் நூற்றாண்டு ஏரி. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதன் கரையில் தாஜ்மகால், ஈபிள் கோபுரம் உள்ளிட்ட உலக அதிசயங்களின் மாதிரிகளோடு ‘செவன் வொண்டர்ஸ்’ பூங்கா கட்டப்பட்டது. செலவு 11 கோடி ரூபாய்க்கு மேல். ஈரநில விதிகளும் நகரின் மாஸ்டர் பிளானும் மீறப்பட்டதாக வழக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அகற்ற உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 செப்டம்பரில் அந்த அதிசயங்கள் எல்லாம் ஜேசிபியால் இடித்துத் தள்ளப்பட்டன.

அஜ்மீரில் வழக்குப் போட்டவர்கள் வென்றார்கள். ஆனால் கட்டியதும் மக்கள் வரிப்பணம், இடித்ததும் மக்கள் வரிப்பணம். ஆரம்பத்திலேயே ஒரு நேர்மையான ஆய்வு நடந்து, அதைப் பொதுவில் வைத்திருந்தால் இரண்டு செலவுமே மிச்சம்.

சில நேரம் இடிக்கவும் முடியாமல் போகும். திருப்பதி அருகே அவிலாலா, பேரூரு என்ற இரண்டு குளங்களின் நிலம் வீட்டுவசதிக்காக ஒதுக்கப்பட்ட வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளங்களைக் காக்க வேண்டியது அரசின் கடமை என்று அழுத்திச் சொன்ன நீதிமன்றம், அதற்குள் எழும்பிவிட்ட வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. மேற்கொண்டு கட்டக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

ஒரு நடைபாதை போட்டால் என்ன ஆகிவிடும்?

நியாயமான கேள்வி. எல்லா நடைபாதையும் கெடுதல் இல்லை. எங்கே, எவ்வளவு அகலத்தில், எந்தப் பொருளால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் ஆய்வு நடந்தால் பார்க்க வேண்டியவை இவை:

1. நீர்ப்பிடிப்பு சுருங்குகிறதா? குளத்துக்கு ‘முழுக் கொள்ளளவு மட்டம்’ என்று ஒன்று உண்டு. வறண்ட ஆண்டில் அந்த விளிம்பு வெறும் நிலம் போலத்தான் தெரியும். ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று மண் கொட்டி நடைபாதை போடுவது அங்கேதான். நல்ல மழை வரும் வருஷத்தில் குளத்துக்கு அந்த இடம் தேவைப்படும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள் தவித்தன. குளங்கள் உடைந்தன. அப்படியொரு மழையை எந்தக் குளமும் முழுசாகத் தாங்காது. ஆனால் கொள்ளளவு குறைந்த குளம் இன்னும் சீக்கிரம் நிரம்பும்.

2. மறுகாலும் கால்வாயும் திறந்திருக்கின்றனவா? சங்கிலித் தொடர் குளங்களில் மேல் குளத்தின் உபரிநீர் மறுகால் வழியாகக் கீழ்க் குளத்துக்குப் போக வேண்டும். மறுகால் மேல் பாலம், செல்ஃபி மேடை, கடை என்று வந்தால் பாதிப்பு அந்தக் குளத்தோடு நிற்காது. அடுத்த ஊர்க் குளம் நிரம்பாது, அல்லது பின்பக்கம் தண்ணீர் ஏறும்.

3. படகுக்குத் தண்ணீரா, பயிருக்குத் தண்ணீரா? படகு ஓட வேண்டுமானால் குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். பயிர் விளைய வேண்டுமானால் மடையைத் திறக்க வேண்டும். கார் பருவமும் சாரல் சீசனும் ஒரே மாதங்களில் வருவதால் இந்த இழுபறி தென்காசிப் பக்கம் வெறும் கற்பனை அல்ல. தண்ணீர் குறையும்போது யாருக்கு முன்னுரிமை என்பதை, படகு வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும்.

4. கரையின் சரிவு இருக்கிறதா? நாலு பக்கமும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் வைத்து ஆழப்படுத்தினால் குளம் சூப் கிண்ணம் போலாகிவிடும். உள்ளான், நாரை, அரிவாள்மூக்கன் போன்ற பறவைகள் இரை தேடுவது கணுக்கால் அளவுத் தண்ணீரில். சரிவான சேற்றுக் கரை போனால் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. கால்நடை இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வழி இருக்காது.

5. இரவு விளக்கும் சத்தமும் எவ்வளவு? கரை மரங்களில் பறவைகள் அடையும் குளங்களில் இரவு முழுக்க எரியும் வண்ண விளக்கு ஒரு தொந்தரவு. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் தன்னார்வலர்களோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. தென்காசி மாவட்டக் குளங்களும் அதில் உண்டு. ஆய்வு செய்ய நினைக்கும் அதிகாரி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

6. கழிவுநீர் எங்கே போகும்? கடை, கழிப்பறை, உணவகம் வந்தால் கழிவும் வரும். அதை எங்கே கொண்டுபோவது என்ற பதில் இல்லாத திட்டத்தில், குளமே அந்தப் பதிலாகிவிடும்.

அப்போ பார்க்கே வேண்டாமா?

அப்படிச் சொல்வது சரியாக இருக்காது. சிறு நகரங்களில் பெண்களும் முதியவர்களும் பயமில்லாமல் நடக்க ஓர் இடம் கிடைப்பதே பெரிய விஷயம். பஸ் ஸ்டாண்டும் கல்யாண மண்டபமும் தவிர வேறு பொது இடம் இல்லாத ஊர்களில் குளக்கரை நடைபாதை ஆடம்பரம் இல்லை.

அதிகாரிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில்தான் குப்பை கொட்டுகிறார்கள், கோழிக் கழிவு வீசுகிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வேலி நகர்கிறது. நடைபாதை வந்தால் ஆள் வருவார்கள். ஆள் வந்தால் ஆக்கிரமிப்பு குறையும். இதில் உண்மை இருக்கிறது.

சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும் என்று கேட்பதும் திட்டத்தை நிறுத்து என்று கேட்பதும் ஒன்றல்ல. நடைபாதையைக் கரையின் வெளிப்பக்கம் போடு, கான்கிரீட்டுக்குப் பதில் மண் பாதை போடு, மறுகால் பக்கம் போகாதே, பறவை அடையும் மூலையை விட்டுவிடு என்பவை எல்லாம் ஆய்வின் முடிவாக வரக்கூடிய எளிய திருத்தங்கள்தான். டெண்டருக்கு முன் என்றால் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போட்டால் போதும். கான்கிரீட் காய்ந்த பிறகு அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.

பொதுமக்கள் கையில் என்ன இருக்கிறது?

நாக்பூர் தீர்ப்பின் இரண்டாவது பகுதி இங்கே உதவும். சட்ட மொழியில் ‘பொது நம்பிக்கைக் கோட்பாடு’. ஆறு, ஏரி, கடற்கரை போன்றவற்றுக்கு அரசு முதலாளி இல்லை, காப்பாளர் மட்டுமே என்பது இதன் சாரம். இந்தக் கோட்பாட்டின் புகழ்பெற்ற தொடக்கமே ஓர் ஏரியிலிருந்துதான். 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிகாகோவின் மிச்சிகன் ஏரிப் படுகையை ஒரு ரயில்வே கம்பெனிக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க மாகாண அரசுக்கு உரிமை இல்லை என்றது. இந்தியாவில் 1996இல் பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2025இல் வெட்டப்பட்ட குளத்துக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகிவிட்டது.

ஆக, ‘இது ஈரநிலம் இல்லை, பாசனக் குளம், அதனால் ஆய்வு தேவையில்லை’ என்று யாராவது சொன்னால், முதல் பாதி சரியாக இருக்கலாம். ஆனால் காப்பாளராக இருக்கும் அரசு, கட்டுவதற்கு முன் விளைவை யோசித்ததா என்று கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி வரலாறும் உண்டு. நீர்நிலை ஆக்கிரமிப்பு தொடர்பாக 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய எல்.கிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பைத் தொடர்ந்து, ஏரி, குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. குற்றாலத்திலேயே, தனியார் ரிசார்ட்டுகள் நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைப்பதாக வந்த பொதுநல வழக்கில் 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆய்வுக்கும் நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது. சுற்றுலா வருமானம் வேண்டும் என்பதற்காக நீர் போகும் வழியை மாற்ற முடியாது என்பதை இந்த மாவட்டம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

எங்கே, எப்போது கேட்பது?

உங்கள் ஊர்க் குளத்தில் திட்டம் வருகிறது என்று தெரிந்தால் செய்யக்கூடியவை:

* குளம் யாருடையது என்று முதலில் பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை உள்ளாட்சி அமைப்பிடமும் இருக்கும். கட்டுபவர் நகராட்சி, குளம் நீர்வளத் துறையுடையது என்றால், அந்தத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

* திட்ட அறிக்கையைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். விரிவான திட்ட அறிக்கை, வரைபடம், முழுக் கொள்ளளவு மட்டம், மறுகால் இருக்கும் இடம், துறைகளின் ஒப்புதல் கடிதம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் மழுப்பலான பதிலுக்கு வாய்ப்பு குறைவு.

* சபையில் பதிவு செய்யுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. குளத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட சுரண்டை போன்ற ஊர்களில் வார்டு அளவிலான பகுதி சபை உண்டு. ‘டெண்டருக்கு முன் நீரியல், பல்லுயிர் ஆய்வு நடத்தி முடிவை வெளியிட வேண்டும்’ என்று ஒரே வரியில் தீர்மானம் கொண்டுவரலாம். பாசன விவசாயிகளையும் கூட அழைத்துப் போங்கள். மடையும் மறுகாலும் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த கன்சல்டன்ட்டுக்கும் தெரியாது.

* பெரிய கட்டடம் என்றால் ‘பரிவேஷ்’ பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்கள் மத்திய அரசின் இந்த இணையதளத்தில் பொதுவில் இருக்கும். கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாவிட்டாலும், மாநில ஆணையத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புவதை யாரும் தடுக்க முடியாது.

* நாட்களை எண்ணுங்கள். சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக வேண்டி வந்தால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் கெடு 30 நாள். அங்கும் காரணம் சொன்னால் 60 நாள் நீட்டிப்பு கிடைக்கலாம். திறப்பு விழா போட்டோ பார்த்துவிட்டுக் கிளம்பினால் இந்தக் கெடு பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

* அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். பறவை வளமுள்ள குளம் என்றால், கூந்தன்குளம் போலத் தனியாகப் பாதுகாப்பு அறிவிப்பு கோரலாம். தமிழ்நாடு ஈரநில இயக்கம் 5 ஆண்டுகளில் 100 ஈரநிலங்களை மீட்கும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. உங்கள் குளத்துக்காக மாவட்ட ஆட்சியர் வழியாகப் பரிந்துரை கேட்டு மனு கொடுக்கலாம்.

இனி என்ன?

ஈரநில விதிகளின் வரையறை மாறாதவரை, 20,000 சதுர மீட்டர் கணக்கு மாறாதவரை, சிறு நகரக் குளங்களுக்கான ஆய்வு என்பது அதிகாரிகளின் விருப்பத்தையும் மக்களின் கேள்வியையும் நம்பித்தான் இருக்கும். மாநில அரசு நினைத்தால் இதை எளிதாக மாற்றலாம். நீர்நிலைக்குள்ளோ கரையிலோ நடக்கும் எந்தப் பொழுதுபோக்குத் திட்டத்துக்கும், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சில பக்கங்களில் ஒரு நீரியல் அறிக்கையும் ஒரு பருவத்தின் பறவைக் கணக்கும் இணைக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். திட்டச் செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் பணம் மிகச் சொற்பம்.

அதுவரை, குளக்கரையில் ‘பணிகள் நடைபெறுகின்றன’ என்ற பலகை வைப்பதற்கு முந்தைய மாதங்கள்தான் முக்கியம். நகராட்சிக் கூட்டத்தின் தீர்மானப் பட்டியலில் உங்கள் குளத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். வந்தால், மறுகால் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.